எலிக்குஞ்சும் எண்பது மில்லிகிராமும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மேற்குப் பசிபிக்கில் அமெரிக்காவின் வசமுள்ள குவாம் தீவில் ஹெலிகாப்டரிலிருந்து செத்த எலிகளைப் போட்டுப் பாம்புகளைக் கொல்கிறார்களாமே, நிஜமா அல்லது யாரோ கட்டிவிட்டதா என்று கேட்டிருந்தாய். நிஜம்தான். கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் அந்த ஏற்பாட்டில் காரணமில்லாத அம்சம் ஒன்றுகூட இல்லை. "இவ்வளவு பாடு எதற்கு, பாம்பைத் தின்கிற ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து விட்டால் போதாதா?" என்றும் எழுதியிருந்தாய். தீவுகளை அதிகம் கெடுத்தது அந்த யோசனைதான். அதைப் பற்றிக் கடிதத்தின் பிற்பகுதியில் சொல்கிறேன்.

முதலில் பாம்பு. பழுப்பு மரப்பாம்பு குவாமுக்குச் சொந்தமானதல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பின், நியூ கினிக்கு வடக்கே உள்ள அட்மிரால்டி தீவுகளிலிருந்து ராணுவச் சரக்கோடு சரக்காக வந்து இறங்கியது. இரவில் மரமேறி வேட்டையாடும் பாம்பு என்றால் என்னவென்று குவாமின் காட்டுப் பறவைகளுக்குத் தெரியாது. 1980-களுக்குள் அவற்றில் பெரும்பாலான இனங்கள் காட்டிலிருந்து மறைந்துவிட்டன. நோயா, பூச்சிமருந்தா என்று பலரும் தேடிக்கொண்டிருந்தபோது, காரணம் பாம்புதான் என்று ஜூலி சாவிட்ஜ் என்ற ஆய்வாளர் 1987-ல் ஆய்வுக் கட்டுரையில் நிறுவினார். பறவை போனதோடு நிற்கவில்லை. மழைக்காலத்தில் குவாம் காட்டில் சிலந்திகளின் எண்ணிக்கை பக்கத்துத் தீவுகளைப்போல நாற்பது மடங்கு வரை இருப்பதாக 2012-ல் வெளியான கணக்கெடுப்பு சொல்கிறது. அந்தக் காட்டை நினைத்தால் மனசு கனத்துப்போகிறது. விதையைத் தூக்கிப் போக ஆளில்லை, குரல் இல்லை, வலை மட்டும் இருக்கிறது.

இந்தப் பாம்பிடம் ஒரு பலவீனம் உண்டு. பாம்புகளில் பெரும்பாலானவை அசைகிற இரையைத்தான் தேடும். இது செத்ததையும் தின்னும். அப்படியானால் இரைக்குள் மருந்தை வைக்கலாம். எந்த மருந்து என்று பார்த்ததில் கிடைத்தது பாரசிட்டமால். ஒரு பாம்புக்கு 80 மில்லிகிராம் போதும். நமக்கு எழுதிக்கொடுக்கும் 500 மில்லிகிராம் மாத்திரையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அது பாம்பின் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை மெத்ஹீமோகுளோபினாக மாற்றிவிடுகிறது. பிறகு ரத்தம் ஓடினாலும் ஆக்சிஜனைச் சுமக்காது. பாம்பு மயங்கி இறந்துபோகும். பூனைக்கும் இந்த மருந்து இதே வழியில் ஆகாது என்பதால், வீடுகள் இருக்கும் பக்கம் இதைப் போட முடியாது.

இரையைத் தயாரிப்பதில்தான் சூட்சுமம். ரோமம் முளைக்காத செத்த எலிக்குஞ்சு ஒன்று, அதோடு 80 மில்லிகிராம் மாத்திரை. குஞ்சை ஓர் அட்டைத் துண்டோடு சேர்த்து, அட்டையில் நீளமான மெல்லிய காகித நாடாவை இணைக்கிறார்கள். கீழே விழும்போது நாடா விரிந்து மர உச்சியின் கிளைகளில் சுற்றிக்கொள்ளும். எலிக்குஞ்சு அங்கேயே தொங்கும். பாம்பு நடமாடும் இடம் அதுதான். நாடா இல்லாமல் போட்டால் இரை நேராகத் தரைக்குப் போகும். அங்கே தென்னை நண்டும் உடும்பும் தேரையும் காத்திருக்கின்றன. ஆக, அந்தக் காகித நாடா பாம்பிடம் இரையைக் கொண்டுசேர்க்கிறது, மற்ற பிராணிகளையும் காப்பாற்றுகிறது. 2013 டிசம்பரில் ஆண்டர்சன் விமானப்படைத் தளத்துக் காட்டில் இப்படி 2,000 எலிகளைப் போட்டார்கள். பிறகு கையால் போடுவதை விட்டு, மக்கக்கூடிய குப்பிகளை இயந்திரத்தில் அடுக்கி எய்கிற முறைக்கு மாறினார்கள். குப்பி காற்றில் இரண்டாகப் பிரியும்; இரு பாதிகளையும் இணைக்கும் நாடா கிளையில் மாட்டிக்கொள்ளும்.

எங்கே தவறுகிறது என்று கேட்பாய். முதல் எதிரி வெப்பம். ஈரப்பதமான காட்டில் இரண்டு மூன்று நாளில் எலிக்குஞ்சு அழுகிப்போகும். அப்புறம் பாம்புக்கு அதில் நாட்டம் குறைந்துவிடும். இந்தப் பாம்போ வாரக்கணக்கில் பட்டினி கிடக்கக்கூடியது. அந்த இரண்டு மூன்று நாளில் அதற்குப் பசி இல்லை என்றால் இரை வீண். எனவே ஒரே தடவையில் முடிகிற வேலையல்ல. திரும்பத் திரும்பப் போட வேண்டும். இரண்டாவது, குட்டிப் பாம்புகள். அவற்றின் வாய்க்கு எலி கொள்ளாது. பல்லியும் அரணையும்தான் அவற்றின் சாப்பாடு. பெரிய பாம்பெல்லாம் போனாலும் குட்டிகள் அப்படியே இருக்கும், வளர்ந்து அந்த இடத்துக்கு வரும். மூன்றாவது, காட்டில் உயிருள்ள எலி மலிந்திருந்தால், தொங்குகிற செத்த எலியைப் பாம்பு சீந்தாது. இதனால்தான் 55 ஹெக்டேர் பரப்பைப் பாம்பு ஏற முடியாத வேலியால் அடைத்து அதற்குள் முயன்றார்கள். வேலி இல்லாத இடத்தில் இரை போடுவது எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழித்துவிடாது. இரண்டும் ஒன்றல்ல. அந்த வித்தியாசத்தை மழுப்பி எழுதுகிற செய்திகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் சுற்றியுள்ள வேலிகளில் வேறு முறை. கம்பிவலைக் குழாய், இரு முனையிலும் உள்பக்கமாக மட்டும் திறக்கும் கதவு, நடுவே தனிக் கூண்டில் உயிருள்ள எலி ஒன்று. பாம்பு எலியைத் தொட முடியாது. மணத்துக்கு உள்ளே வந்து மாட்டிக்கொள்ளும். எலி உயிரோடு இருந்தால்தான் பொறி வேலை செய்யும் என்பதால் அதற்குத் தானியம் வைக்கிறார்கள், தண்ணீருக்குப் பதிலாக ஒரு துண்டு உருளைக்கிழங்கு. தண்ணீர்க் கிண்ணம் கவிழும், ஆவியாகும். கிழங்கு ஈரம் காத்து நாட்கணக்கில் தாக்குப்பிடிக்கும். பொறிக்குத் தப்பியது சரக்கில் ஏறியிருந்தால் மோப்ப நாய்கள் தேடும்.

தடுப்பு விஷயத்தில் ஒன்று. மரத்திலோ கம்பத்திலோ வழுக்கும் தகரக் குழாயைச் சுற்றினால் பாம்பு ஏறாது என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். 2021-ல் சாவிட்ஜும் உடன் ஆய்வு செய்தவர்களும் வெளியிட்ட பதிவு அதைப் பொய்யாக்கியது. பாம்பு உடலைக் குழாயைச் சுற்றி ஒரே வளையமாகப் போட்டு, வாலருகே ஒரு முடிச்சுபோல் இறுக்கிக்கொண்டு, அந்த வளையத்தை அலையலையாக நெளித்து மெல்ல மெல்ல மேலேறுகிறது. வழுக்குகிறது, நின்று இளைப்பாறுகிறது, மறுபடி ஏறுகிறது. உடல் வளைத்துப் பிடிக்க முடியாத பருமன்தான் இனி தடுப்பின் அளவுகோல். குழாயின் வழவழப்பை நம்பிப் பயனில்லை.

இனி உன் கேள்வி. எதிரியைக் கொண்டுவந்து விடுவது. ஹவாயில் 1883-ல் கரும்புத் தோட்டத்து எலிக்காகக் கீரியை இறக்கினார்கள். எலி பெரும்பாலும் இரவில் நடமாடும், கீரி பகலில். இரண்டும் சரியாகச் சந்தித்துக்கொள்ளவே இல்லை; தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைதான் கீரிக்கு ஆகாரமாயிற்று. பசிபிக்கில் தாஹிதிக்குப் பக்கத்திலுள்ள மூரியா தீவில் 1977-ல் ராட்சத ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க, நத்தை தின்னும் நத்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது பெரியதை விட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே உரிய சின்னஞ்சிறு பார்டுலா மரநத்தைகளைச் சுமார் பத்தே ஆண்டுகளில் காட்டில் ஏறக்குறைய இல்லாமல் செய்துவிட்டது. கிடைத்ததையெல்லாம் தின்னும் பிராணியை எதிரியாகத் தேர்ந்ததுதான் இரண்டிலும் பிழை.

ஆனால் அதே வழி சரியாக யோசிக்கப்பட்ட இடமும் உண்டு. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான கிறிஸ்துமஸ் தீவு. அங்கே மஞ்சள் பைத்திய எறும்புகள் கூட்டம் கூட்டமாகப் பெருகி, பார்மிக் அமிலத்தைப் பீய்ச்சிச் செந்நண்டுகளின் கண்ணைக் குருடாக்கிக் கொன்றன. நண்டு போனால் காட்டின் அடித்தளமே மாறிவிடும். உதிரும் இலையையும் முளைக்கும் கன்றையும் தின்று தரையைத் திறந்து வைத்திருப்பது அதுதான். எறும்புக்கு மருந்து வைத்தார்கள். பிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த இரையை ஹெலிகாப்டரிலிருந்து தூவினார்கள். அதைத் தென்னை நண்டும் தின்னும் என்பதால், மருந்து போடும் இடத்துக்கு வெளியே கோழித்தீவனத்தில் இறால் விழுதைக் கலந்து வைத்து நண்டுகளை அங்கே இழுத்தார்கள். மருந்து போட்ட இடத்தில் எறும்பு அடங்கும், சில ஆண்டுகளில் மறுபடி பெருகும். காரணம், எறும்பின் உணவு மரத்தில் இருந்தது: சாறு உறிஞ்சி இனிப்புத் திரவம் கழிக்கும் மஞ்சள் அரக்குப் பூச்சி. எறும்பை விட்டு அந்தப் பூச்சியைக் குறிவைத்தார்கள். மலேசியாவில் அந்த அரக்குப் பூச்சியைக் கட்டுக்குள் வைத்திருந்தது சில மில்லிமீட்டரே நீளமுள்ள ஓர் ஒட்டுண்ணிக் குளவி. அரக்குப் பூச்சிக்குள் முட்டையிடும். அது வேறு எதையும் தொடுகிறதா என்று ஆண்டுக்கணக்கில் சோதித்த பிறகுதான் 2016 டிசம்பரில் விட்டார்கள். கீரிக்கும் இதற்கும் உள்ள தூரம் அந்தச் சோதனைதான், சேகர். வேறு எதையும் தின்னத் தெரியாத எதிரி என்றால் கொண்டுவரலாம், இல்லையென்றால் கூடாது.

தென்னமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக்கிலுள்ள கலாபகோஸ் தீவுகளில் வெள்ளாட்டை ஒழித்தது உனக்குப் பிடிக்கும், நீ ஆடு வளர்ப்பு தெரிந்தவன். 1997 முதல் 2006 வரை நடந்த இசபெலா திட்டம். சுட்டுக் குறைத்தார்கள், ஆனால் கடைசிச் சில நூறு ஆடுகள் குகைகளிலும் புதர்களிலும் பதுங்கிக்கொண்டன, ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே ஒளிந்தன. ஆட்டுக்குத் தனிமை ஆகாது, அதையே பிடித்துக்கொண்டார்கள். ஒரு பெட்டைக்கு ரேடியோ காலர் மாட்டி விட்டால் அது கூட்டத்தைத் தானே தேடிப் போய்ச் சேரும். வேட்டைக்காரர்கள் சிக்னலைப் பின்தொடர்ந்து மற்றவற்றைச் சுட்டுவிட்டு அதை மட்டும் விடுவார்கள். அது அடுத்த கூட்டத்தைத் தேடும். யூதாஸ் ஆடு என்று பெயர். இங்கே ஒரு சிக்கல்: பெட்டை சினை பிடித்தால் குட்டி ஈனத் தனியே ஒதுங்கிவிடும், பிறகு யாரையும் காட்டித் தராது. எனவே கருத்தடை செய்தார்கள். சிலவற்றுக்குத் தோலுக்கடியில் ஹார்மோன் வைத்து நீண்ட காலம் பருவத்திலேயே இருக்கச் செய்தார்கள். ஒளிந்திருந்த கிடாக்கள் தாமாக வெளியே வந்தன. பல்லாயிரம் ஆடுகளை நீக்கிய பிறகும், சிலர் வேண்டுமென்றே மறுபடி ஆட்டைக் கொண்டுவந்து விட்ட சம்பவங்கள் உண்டு. உள்ளூர் மக்களின் மனத்தாங்கலைத் தீர்க்காமல் எந்தத் துப்பாக்கியாலும் பயனில்லை.

கடைசி ஒன்று எவ்வளவு கடினம் என்பதற்கு நியூசிலாந்தில் நடந்த சோதனை. 2004-ன் இறுதியில், எலியே இல்லாத மோட்டுஹோரோபாபா என்னும் குட்டித் தீவில் காலர் மாட்டிய ஒரே ஒரு எலியை ஆய்வாளர்கள் வேண்டுமென்றே விட்டார்கள். பத்து ஹெக்டேர்கூட இல்லாத தீவு. எலி இருப்பதும் தெரியும். பொறி, மருந்து, நாய் எல்லாம் வைத்தும் அகப்படவில்லை. 400 மீட்டர் கடலை நீந்திப் பக்கத்துத் தீவுக்குப் போய், பதினெட்டாவது வாரம் பென்குயின் இறைச்சி வைத்த பொறியில் சிக்கியது. போட்டியில்லாத இடத்தில் தனி எலிக்குப் பொறி இரையைத் தேடி வர வேண்டிய தேவையே இல்லை. கூட்டமாக இருக்கும் எலிக்கு ஏற்ற பொறி அதனால்தான் தோற்றது.

குவாமின் தென்முனையில் கோகோஸ் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. எலியை ஒழித்து, 2010-ல் பறக்காத குவாம் கானாங்கோழியை அங்கே விட்டார்கள்; பாம்பில்லாத இடம் என்பதால். 2020-ல் அங்கேயும் பழுப்பு மரப்பாம்பு கண்டுபிடிக்கப்பட்டது. அவ்வளவு சிறிய இடத்தில் கடைசிப் பாம்புவரை பிடித்துவிட முடியுமா என்பதைத்தான் நான் இப்போது கவனித்து வருகிறேன். அதைப் பற்றி உன் கண்ணில் ஏதாவது பட்டால் உடனே எழுது.

அன்புடன்,
ராகவன்