இரண்டாவது கேள்வியைக் கேட்டிருக்கலாமே

நுவரெலியா மாவட்ட வேட்பாளர் விவாதத்தை நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சிக் குழுவினருக்கு,

வணக்கம். 2024 நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலுக்கு முன்னால் எங்கள் மாவட்ட வேட்பாளர்களை ஒரே மேசையில் உட்கார வைத்ததற்கு முதலில் நன்றி. ஊர்வலத்திலும் மேடையிலும் மாலையோடு பார்த்துப் பழகிய முகங்களை மாலையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் பார்த்ததே எங்களுக்குப் புதுசு. மழைக்கு இரண்டு தரம் கரண்ட் போனது. வந்ததும் திரும்பப் போட்டுப் பார்த்தோம்.

பார்த்து முடித்தபோது வந்த எரிச்சலையும் சொல்லிவிடுகிறேன்.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களான எங்கள் சம்பளக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். "நாள் சம்பளம் எவ்வளவு வாங்கித் தருவீர்கள்?" என்று உங்கள் நெறியாளர் கேட்டார். ஒருவர் 1700 ரூபாய் என்றார், அடுத்தவர் 2000 என்றார், அதற்கடுத்தவர் "சகோதரர் சொன்னதற்கும் மேலே" என்றார். ஏலம் கேட்டது போல இருந்தது. நெறியாளர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டார்.

இந்த 1700இன் கதை எங்கள் பிள்ளைகளுக்கும் பாடம். இந்த வருடம் மே தினத்தன்று கொட்டகலையில் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க அறிவித்தார், அரசாங்க வர்த்தமானியும் வந்தது. தோட்டக் கம்பனிகள் உயர் நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை வந்தது. செப்டெம்பரில் 1350இல் வந்து நின்றது. இதே வருடம் நடந்த சங்கதி. அப்படியிருக்க "கம்பனி மறுபடி நீதிமன்றம் போனால் என்ன செய்வீர்கள்?" என்று இரண்டாவதாக ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், பாதிப் பேருக்கு நாக்கு ஒட்டியிருக்கும்.

கிலோக் கணக்கையும் யாரும் கேட்கவில்லை. எங்களுக்குச் சம்பளம் என்றால் ரூபாய் மட்டும் இல்லையே. தோட்டம் சொன்ன கிலோ கொழுந்து வராவிட்டால் அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் விழும். 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாய் என்று தீர்மானித்த பிறகு கம்பனிகள் தொழிற்சங்கங்களோடு செய்திருந்த கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. நாள் சம்பளம் ஏறினால் கிலோவும் ஏறும் என்பது காலையில் வேலை பிரிக்கிற பிரட்டுக் களத்தில் நிற்கிற எவருக்கும் தெரியும். "2000 ரூபாய்க்கு எத்தனை கிலோ?" இதுதான் கொழுந்தெடுக்கிற பெண் கேட்கிற முதல் கேள்வி. ஸ்டூடியோவில் அது கடைசிக் கேள்வியாகக்கூட வரவில்லை.

ஒரு திருத்தமும் உண்டு. தோட்டப் பாதைகளைப் பற்றிப் பேச்சு வந்தபோது நெறியாளர், "அதைச் செய்யப் பிரதேச சபைக்குச் சட்டத்தில் இடமில்லையே" என்றார். முன்பு அப்படித்தான் இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை செலவழிக்கலாம். நெறியாளருக்குத் தெரியாமல் போனதைப் பொறுத்துக்கொள்ளலாம். மேசையில் இருந்த ஒருவராவது "அது மாறிவிட்டது" என்று சொன்னாரா? இல்லை, எல்லாரும் ஆமோதித்தார்கள். எங்கள் பிரதிநிதிகளாக வரப்போகிறவர்களின் லட்சணம் இது.

அந்த ஒரேயொரு பெண் வேட்பாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். "மலையில் நாள் முழுக்க நிற்கிற பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒதுங்க ஓர் இடம்..." என்று ஆரம்பித்தார். மணி அடித்துவிட்டீர்கள். அவர் வாய் அசைகிறது, மைக் இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சித்தி, "அடே, அத பேச விடுடா!" என்று டீவியைப் பார்த்துக் கத்தினார். அடுத்து வந்த ஐயா 1948இல் எங்கள் மக்களின் பிரஜாவுரிமை பறிபோனதில் தொடங்கித் தன் தாத்தாவின் தொழிற்சங்கப் போராட்டம் வரை போனார். நேரம் தாண்டியும் மணி அடிக்கவில்லை. பிரஜாவுரிமைக் கதையை நாங்கள் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டோம். ஆனால் அதை எங்களுக்கே சொல்லி வாக்குக் கேட்கத் தேவையில்லை. லயத்து வரிசை வீட்டிலிருந்து வெளியே வருகிற குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணியும் அதற்கான உறுதிப் பத்திரமும் எப்போது கையில் கிடைக்கும் என்று சொல்லியிருந்தால் கேட்டிருப்போம்.

எங்களிடம் ஒரு கட்சி வாக்கும் மூன்று விருப்பு வாக்கும் இருக்கின்றன. எட்டுப் பேரை அனுப்புகிற மாவட்டத்தில் சின்னத்தைப் பார்த்துப் போட்டால் மட்டும் போதாது, பட்டியலுக்குள்ளே ஆளையும் பொறுக்க வேண்டும். அந்த ஆளைப் பொறுக்கத்தான் உங்கள் நிகழ்ச்சி எங்களுக்கு வேண்டும். யார் சட்டம் படித்தவர், யார் கணக்குத் தெரிந்தவர், யார் சும்மா குரலை உயர்த்துகிறவர் என்பது இரண்டாவது கேள்வியில்தான் தெரியும்.

அடுத்த முறை கொழும்பு ஸ்டூடியோவை விட்டுவிட்டு ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு மண்டபம் எடுங்கள். கேள்வி கேட்கத் தோட்டத்திலிருந்து நாலு பேரைக் கூப்பிடுங்கள், அதில் இரண்டு பேராவது கொழுந்தெடுக்கிறவர்களாக இருக்கட்டும். மணி அடிப்பதென்றால் எல்லாருக்கும் ஒரே மாதிரி அடியுங்கள். இரவு பத்து மணிக்குப் போட்டால் விடியற்காலையில் எழுந்து பிரட்டுக்குப் போகிறவர்கள் பாதியில் தூங்கிவிடுகிறார்கள். வாக்களிப்புக்கு முன்னால் ஒரு ஞாயிறு பகலில் மறுஒளிபரப்பு போட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து
உங்கள் நேயர்