மட்டக்களப்பு உதைபந்தாட்ட அணியை நடத்துபவர்களுக்கு: சனம் வராதது ஏன்?

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். நம் அணி சொந்த மண்ணில் கடைசியாக ஆடியபோது டிக்கட் எடுத்து வந்தவர்களில் நானும் ஒருவன். பாதி இருக்கைக்கு ஆள் இல்லை. வெளியே வரும்போது உங்களில் ஒருவர், "எங்கட சனத்துக்கு இப்ப புட்போல் பிடிக்காது" என்றது காதில் விழுந்தது. அதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்கிய அமெரிக்கத் துறவி வெபர் அடிகளாரின் பெயரை மைதானத்துக்கு வைத்த ஊர் இது.

அடுத்த ஞாயிறே மண்டூர்ப் பக்கம் ஒரு கழகச் சுற்றுப்போட்டி. வயல் வரம்பிலும் மதிலிலும் உழவு இயந்திரப் பெட்டியிலும் ஏறி நின்று பார்த்தார்கள். அம்மம்மாமார் கூட வந்திருந்தார்கள். பந்தோடு ஓடுகிறவன் யாருடைய மகன் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நம் மாவட்ட அணியில் யார் யார் ஆடுகிறார்கள் என்று கேட்டால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அப்புறம், தூரம். மாவட்டத்தில் 5 இலட்சத்துக்கு மேல் சனம் இருந்தாலும் வாவியின் இரண்டு கரையிலும் சிதறித்தான் இருக்கிறோம். மண்டூரில் இருந்து வருபவர், வாவியைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவைப் படகில் ஏறி அக்கரையில் குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். 4 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் முடியும்போது இருட்டிவிடும். திரும்பிப் போவது எப்படி? 2014இல் மண்முனைப் பாலம் திறந்ததும் கொக்கட்டிச்சோலைக்கு நகரம் கிட்ட வந்தது உண்மைதான். ஆனால் ஆட்டம் முடிகிற நேரத்துக்கு பஸ் இல்லாவிட்டால் பாலம் இருந்து என்ன பயன்? கொழும்பு 300 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கிருந்து வரும் அணியோடு ரசிகர்கள் வரப்போவதில்லை. ஆக ஒவ்வோர் இருக்கையையும் நாம்தான் நிரப்ப வேண்டும்.

டிவியைக் குறை சொல்லாதீர்கள். இங்கிலாந்தில் சனிக்கிழமை 3 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு 7.30க்கோ 8.30க்கோதான் வரும். அதற்குள் நம் ஆட்டம் முடிந்துவிடும்.

திகதியை ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள், மழைக்காலத்தை விட்டுவிடுங்கள். டிக்கட்டை ஊர்க் கழகங்களிடம் கொடுத்து, விற்ற காசில் ஒரு பங்கை அவர்களுக்கே விடுங்கள். இடைவேளையில் ஊர்ச் சிறுவர்களை ஆட விட்டால் தாய் தகப்பன் கட்டாயம் வருவார்கள். பெண்களுக்கு ஒழுங்கான கழிவறை வேண்டும். என் தங்கை ஒருமுறை வந்தாள், பிறகு வரவே இல்லை.

வாவியின் மேற்குக் கரையான எங்கள் படுவான்கரைக்கு, ஆட்டம் முடிந்தபின் புறப்படும் ஒரு பஸ்ஸை ஒழுங்கு செய்யுங்கள். எங்கள் கழகத்தில் இருந்து 40 பேரின் பெயரும் டிக்கட் காசும் முன்கூட்டியே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மண்டூரில் இருந்து ஒரு ரசிகன்