தினமும் பேக்கப் எடுக்கிறோம் என்றீர்களே, எங்கள் புக்கிங் எங்கே?

அனுப்புநர்:
காந்தி ரோடு பக்கம் லாட்ஜ் நடத்தும் உங்கள் வாடிக்கையாளர், வேலூர்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, எங்கள் வெப்சைட்டை உங்கள் சர்வரில் வைத்து நடத்தித் தரும் ஹோஸ்டிங் கம்பெனி, சென்னை.

பொருள்: தானியங்கி பேக்கப் (டேட்டாவைத் தானாக நகலெடுத்து வைக்கும் வேலை) ஓடாததால் எங்கள் வெப்சைட்டின் புக்கிங் டேட்டாபேஸ் முழுவதும் போனது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். என் புகாரின் டிக்கெட் எண் உங்களிடம் இருக்கிறது. ஒன்றல்ல, நிறைய இருக்கும். நான் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் பழையதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறக்கிறீர்கள். அதனால் மறுபடி முதலிலிருந்து சொல்லத் தெம்பு இல்லை. உங்கள் பேக்கப் எந்த நேரத்தில் ஓடும், எந்த ஃபோல்டரில் போய் உட்காரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

எங்களிடம் தங்குகிறவர்கள் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வெளியூர்க் குடும்பங்கள். கொல்கத்தா, ராஞ்சி, அகர்தலா, டாக்காவிலிருந்துகூட வருகிறார்கள். இந்தத் தெருக்களில் ஓட்டல் போர்டே வங்காளத்தில் எழுதியிருக்கும். டாக்டரைப் பார்க்கத் தேதி கிடைத்ததும் எங்கள் வெப்சைட்டில் ரூம் போட்டு, முன்பணம் கட்டிவிட்டு ஹவுராவில் ரயில் ஏறுவார்கள். ஒரு பகலும் ஒரு இரவும் உட்கார்ந்து வந்து காட்பாடியில் இறங்குவார்கள். அந்த புக்கிங் அத்தனையும் டேட்டாபேஸில்தான் இருந்தது. உங்கள் ‘சர்வர் பராமரிப்பு’ முடிந்த மறுநாள் காலை அதில் ஒன்றுகூட இல்லை. வீல்சேரில் அப்பாவை வைத்துக்கொண்டு ஒரு பையன் ரிசப்ஷனில் நின்றான். பணம் கட்டிய ரசீதை மொபைலில் காட்டினான். அவன் ரூமில் வேறு ஆள் இருந்தார். அந்தப் பெரியவர் படியோரம் உட்கார்ந்திருந்ததை என் மனைவி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கள் பெயர் அன்றோடு போயிற்று. இனி வங்காளத்திலிருந்து ஒருவர்கூட எங்களை நம்பி வர மாட்டார். இந்த நஷ்டத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

சரி, பேக்கப்பிலிருந்து திருப்பிப் போடுங்கள் என்று நிதானமாகத்தான் கேட்டேன். பேக்கேஜ் விற்றபோது ‘தினசரி தானியங்கி பேக்கப், நீங்கள் கவனிக்கவே தேவையில்லை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தீர்கள். அதற்காகவே கூடுதல் பணம் கட்டினேன். அதை அமைத்துக் கொடுத்தவரும் உங்கள் டெக்னீஷியன்தான், ரிமோட்டில் வந்து அவரே டைப் செய்தார். நாங்கள் அதில் கை வைக்கவே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் தாங்க முடியவில்லை. என் மனைவி போன் செய்தபோது உங்கள் ஊழியர் ஒருவர், “வீட்ல படிச்ச ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் குடுங்கம்மா” என்றார். அவள் எம்.காம். படித்தவள். லாட்ஜ் கணக்கு, ஜிஎஸ்டி எல்லாம் அவள் பொறுப்பு. நான் வாங்கிப் பேசியதும், “உங்க சைட்டு, உங்க டேட்டா, உங்க பொறுப்பு சார். பேக்கப்னா என்னன்னு தெரிஞ்சிக்கிட்டு லைனுக்கு வாங்க” என்று சொல்லிக் கட் செய்துவிட்டார். பேக்கப்புக்கென்று பணம் வாங்கிய கம்பெனியின் ஆள் பேசுகிற பேச்சா இது? கால் ரெக்கார்ட் ஆகும் என்று ஒவ்வொரு தடவையும் மெஷின் சொல்கிறதே, அந்த ரெக்கார்டை நீங்களே எடுத்துக் கேளுங்கள்.

இன்னொருவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், “நேர்ல வாங்க, சீனியர் இருப்பார்” என்று சொல்லி அலைய விட்டவரும் அவர்தான். விடியற்காலை எழுந்து, காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, சென்ட்ரலில் இறங்கி உங்கள் ஆபீசுக்கு வந்தேன். வாட்ச்மேன் நோட்டில் பெயர் எழுதச் சொல்லி உட்கார வைத்தார். மதியம் வரை காத்திருந்த பிறகு ஒரு பெண் வந்து, இங்கே சேல்ஸ் மட்டும்தான், டெக்னிக்கல் டீம் வீட்டிலிருந்து வேலை செய்கிறது என்றார். அதோடு ‘பிரீமியம் பேக்கப்’ என்று ஒரு நோட்டீசையும் நீட்டினார். எதற்கு நான் ஏற்கெனவே பணம் கட்டினேனோ அதையே விலை கூட்டி என்னிடம் விற்கப் பார்த்தீர்கள். பசியோடு திரும்பி வந்தேன்.

காரணம் என்ன என்று உங்கள் ஆட்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இன்ஜினியரிங் படிக்கும் என் அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கண்ட்ரோல் பேனலைத் திறந்து பார்த்தான். கிரான் ஜாப், அதாவது குறித்த நேரத்தில் சர்வர் தானாக ஓட்டுகிற வேலை, இரண்டு இருந்தன. ஃபைல்களுக்கான முதல் ஜாப் ஒழுங்காக ஓடியிருக்கிறது. அதனால் ரூம் போட்டோக்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. டேட்டாபேஸை எடுக்க வேண்டிய இரண்டாவது ஜாப் ஒரு நாள்கூட ஒழுங்காக ஓடி முடியவில்லை. பேக்கப் ஃபைலின் பெயரில் தேதி வருவதற்காக உங்கள் டெக்னீஷியன் சதவீதக் குறி (%) போட்டிருக்கிறார். கிரான் வரியில் சதவீதக் குறி வந்தால் கட்டளை அந்த இடத்தோடு முடிந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும், அதற்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\) போட வேண்டும் என்று அவன் விளக்கினான். கல்லூரிப் பையனுக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா? அந்த ஒரு பேக்ஸ்லாஷ் இல்லாததால் எங்கள் பிழைப்பே போய்விட்டது.

இதைவிடப் பெரிய கொடுமை ஒன்று உண்டு. ஜாப் பிழையில் நின்றால் அந்தப் பிழைச் செய்தி மெயிலில் வரும். அந்த மெயில் போக வேண்டிய முகவரியாக உங்கள் டெக்னீஷியன் உங்கள் கம்பெனி முகவரியைப் போட்டிருக்கிறார். அப்படியானால் பேக்கப் ஆகவில்லை என்ற செய்தி நாள் தவறாமல் உங்களுக்குத்தான் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு ஒரு வரி சொன்னீர்களா? ஆள் பார்க்காமல் ஓடுகிற வேலை என்றால், நின்றுபோனதும் சொந்தக்காரனுக்குத் தெரிய வேண்டாமா?

நேரமும் தப்பு. ராத்திரி 2 மணிக்கு ஓடும் என்றீர்கள். சர்வர் கடிகாரம் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கிறது. அங்கே 2 மணி என்றால் இங்கே காலை 7.30. ரூம் தேடி ஆட்கள் போனைத் திறக்கிற அந்த நேரத்தில் தினமும் சைட் இழுத்துக்கொண்டு கிடந்ததே, அது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. முன்பு கேட்டதற்கு “உங்க நெட் ஸ்லோ” என்று சொல்லிவிட்டீர்கள்.

ஐயா, சண்டை போட எனக்கு ஆசை இல்லை. உங்களிடம் தொடர்ந்து இருக்கத்தான் விரும்பினேன். பராமரிப்புக்கு முன்னால் நீங்கள் எடுத்திருக்கக்கூடிய சர்வர் நகலில் எங்கள் டேட்டாபேஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்தால் உடனே போட்டுக் கொடுங்கள். பேக்கப்புக்காகக் கட்டிய பணத்தைத் திருப்பித் தாருங்கள், நஷ்டத்துக்கும் ஈடு வேண்டும். டேட்டாபேஸ் ஜாப்பைச் சரி செய்து, ஒரு நகல் உங்கள் சர்வருக்கு வெளியே போகும்படி அமையுங்கள். எல்லாம் ஒரே டிஸ்கில் கிடந்தால் அந்த டிஸ்க் போகும் நாளில் பேக்கப்பும் சேர்ந்து போய்விடும். மெயில் எங்கள் முகவரிக்கு வர வேண்டும். அந்த பேக்கப்பிலிருந்து ஒரு தடவை முழுதாகத் திருப்பிப் போட்டுக் காட்டுங்கள், அதைக் கண்ணால் பார்த்தால்தான் இனி நம்புவேன். என் மனைவியிடம் அப்படிப் பேசியவர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், சென்னைக்கு அலையத் தேவையில்லை. இது பெரிய கம்பெனி இல்லை, நானும் என் மனைவியும் பிழைப்புக்காக நடத்துகிற சுயதொழில். கிரான் வரியின் ஸ்கிரீன்ஷாட், விளம்பரம், ரயில் டிக்கெட் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறேன்.

பதிலை மெயிலில், எழுத்தில் அனுப்புங்கள். போனில் வேண்டாம். கட்டாயம் பேசித்தான் ஆக வேண்டும் என்றால் என் மனைவியின் எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அவளிடமே பேசுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வேலூர்.