திண்ணையில் இன்னும் 11 பாத்திரங்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்துவிட்டது. பந்தலைப் பிரித்துவிட்டார்கள். உறவுக்காரர்களும் பஸ் ஏறிவிட்டார்கள். இந்த மடலை எழுத மூன்று நாளாக உட்காருகிறேன், ஒவ்வொரு முறையும் ஐயாவின் குரல் குறுக்கே வந்துவிடுகிறது. "நன்றின்னு வாயால சொல்லிட்டா அத்தோட முடிஞ்சிரும்டி. சொல்லாத. போயி ஏதாவது செய்யி."

81 வயது வரை இருந்த மனிதர் யாருக்கும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது ஒரு அவசரத்துக்கு உதவியிருந்தால், அடுத்த வாரம் அவர்கள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து பெயர்ந்த கல்லை மாற்றிக்கொண்டிருப்பார். கூலி கேட்டால் கோபம் வரும். எங்களில் யாருக்கும் கல் போடத் தெரியாது. அதனால்தான் எழுதுகிறோம்.

ஐயாவைத் தெரியாதவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஐயா என்றால் என் அப்பாவைப் பெற்றவர், எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். ஆத்தங்குடியில் பூக்கல், அதாவது பூ வேலைப்பாடுள்ள தரைக்கல், போட்டவர். பன்னிரண்டு வயதில் மணல் சலிக்கப் போனவர், எழுபத்தாறு வரை அந்த வேலையை விடவில்லை. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் அண்ணாந்து தேக்கு மரத்தையும் தூணையும் படம் பிடிப்பார்கள். நாங்கள் குனிந்து தரையைப் பார்த்தே வளர்ந்தோம்.

கல் போடுவதைப் பார்த்திராதவர்களுக்கு இது விளங்காது. தரையில் ஒரு கண்ணாடித் துண்டு, அதன்மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ வடிவில் தடுப்பு வைத்த அச்சு. சாயம் கலந்த சிமெண்டைச் சின்னக் கரண்டியால் ஒவ்வொரு தடுப்பிலும் ஊற்றுவார், இங்கே சிவப்பு, அங்கே மஞ்சள், நடுவில் பச்சை. பிறகு அச்சை மெல்லத் தூக்குவார். ஒரு நிறம் இன்னொன்றோடு சேராது. எப்படிச் சேராமல் இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அதன்மேல் காய்ந்த சிமெண்டும் மணலும் தூவி, அப்புறம் ஈரக் கலவையைப் போட்டு மட்டம் தட்டுவார். மறுநாள் தண்ணீர்த் தொட்டிக்குப் போகும். சில நாள் ஊறி, காய்ந்தபின் கண்ணாடி தானாகக் கழன்றுகொள்ளும். சூளை கிடையாது, நெருப்பே கிடையாது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பக்கம்தான் மேல்பக்கம், பளபளப்பு அங்கிருந்து வருகிறது. ஆக, போடும்போது போடுகிறவருக்குத் தெரிவது கல்லின் முதுகுதான். முகம் எப்படி வந்திருக்கிறது என்று தெரிய நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

முகம் சரியாக வரவில்லை என்றால் ஐயா உடைத்துவிடுவார். கோடு ஒரு நூல் விலகியிருந்தாலும் போச்சு. முதலாளி பார்த்துக்கொண்டிருந்தாலும் உடைப்பார், கூலியில் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அந்த உடைசல்தான் எங்களுக்குப் பாண்டி விளையாடச் சில்லு. தெருவில் வேறு பிள்ளைகளிடம் ஓட்டாஞ்சில்லு இருக்கும், எங்களிடம் பச்சையும் சிவப்புமாகப் பூச்சில்லு இருக்கும். எங்களுக்கு அதில் ஒரே கர்வம்.

நான் ஐந்து வயதில் ஒரு நாள் அச்சைத் தூக்கிய கையோடு ஈரத்தில் விரலை வைத்துவிட்டேன். பச்சை மஞ்சளுக்குள் ஓடிவிட்டது. அப்பா அடிக்க வந்தார். ஐயா எதுவும் சொல்லாமல் மேலே கலவையைப் போட்டு மூடிவிட்டார். அந்தக் கல் இப்போதும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மூலையில் இல்லை, கட்டிலுக்கு அடியிலும் இல்லை. நடு வீட்டில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படும் இடத்தில் பதித்தார். கேதத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் "இந்தக் கல்லு மட்டும் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். அழுதுகொண்டிருந்ததால் அன்று பதில் சொல்லவில்லை. இதுதான் பதில்.

சம்பாதித்ததைவிட வீட்டுக்கு வந்து சேர்ந்ததுதான் அவரைப் பற்றி எங்கள் அப்பா பெருமையாகச் சொல்வது. மொசைக்கும், அதன் பிறகு இயந்திரத்தில் செய்த டைல்ஸும் வந்து பூக்கல்லைக் கேட்க ஆளில்லாமல் போன காலத்தில், திருச்சியில் கொத்தனார் வேலைக்குப் போயிருக்கிறார். சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார், திங்கட்கிழமை முதல் பஸ். நடுவில் இருக்கிற ஒரு நாளில் தண்ணீர் இறைத்து, விறகு பிளந்து, அப்பத்தா துவைப்பதைப் பிழிந்து காயப்போட்டுவிட்டுப் போவாராம். ஆம்பிளை சேலை பிழியலாமா என்று தெருவே சிரித்ததாக அப்பத்தா இப்போதும் வெட்கத்தோடு சொல்கிறார். பிறகு பழைய வீடுகள் சிலவற்றை ஓட்டலாக மாற்ற ஆரம்பித்தார்கள், சென்னையிலிருந்து வீடு கட்டுகிறவர்கள் தேடி வந்தார்கள், பூக்கல்லுக்கு மறுபடி உயிர் வந்தது. ஐயாவும் ஊரோடு வந்து சேர்ந்தார்.

அம்மா வேலைக்குப் போன வருடங்களில் எனக்குத் தலை பின்னிவிட்டது ஐயாதான். சிமெண்ட் தின்ற கை, விரல் நுனியெல்லாம் வெடிப்பு. அதில் முடி மாட்டி இழுக்கும், நான் கத்துவேன். அதற்காகவே முதலில் தன் கையில் தேங்காய் எண்ணெய் தடவி ஊறவைத்துவிட்டு அப்புறம் சீப்பை எடுப்பார். பூக்கல் தரையையும் அவர் தேங்காய் எண்ணெய் தொட்டுத்தான் துடைப்பார். பள்ளிக்கூடத்தில் என் தலையும் எங்கள் வீட்டுத் தரையும் ஒரே வாசனை.

சரி, நன்றிக்கு வருகிறேன். பெயர் போடக்கூடாது என்று பலர் சொல்லிவிட்டதால் யாருடைய பெயரும் இதில் இல்லை. அவரவருக்கு அவரவரைத் தெரியும்.

ஆடியில் ஐயாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் கொண்டுபோன மருத்துவமனையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, படுக்கை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். அதைப் பற்றி மேலே எழுதப்போவதில்லை. அன்று இரவு வந்த 108 வண்டியில் இருந்த இருவர், சிவகங்கை அரசு மருத்துவமனை போய்ச் சேரும்வரை ஐயாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தார்கள். அவர்களில் ஒரு தம்பி, "ஐயா, நீங்க போட்ட கல்லுலதான் எங்க அக்கா கல்யாணம் நடந்துச்சு" என்றார். உண்மையா, தைரியத்துக்காகச் சொன்னதா தெரியாது. முகமூடிக்குள் ஐயா சிரித்ததை நான் பார்த்தேன். சிவகங்கையில் வார்டில் இருந்த செவிலியர்கள், குறிப்பாக இரவில் மூன்று முறை எழுப்பினாலும் முகம் சுளிக்காத அந்த அக்கா, உங்களை எங்கள் வீட்டில் மறக்க மாட்டோம்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஆக்சிஜன் இயந்திரம் வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்டு அப்பா பேசாமல் இருந்துவிட்டார். காரைக்குடியில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் தன் மனைவிக்காக வாங்கியது சும்மா கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். மறுநாள் அவரே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். வாடகை பற்றிப் பேச வாயெடுத்த அப்பாவை முறைத்த முறைப்பில் எனக்கு ஐயாவே தெரிந்தார். சார், நீங்கள் சொன்னபடி அது இப்போது கோட்டையூரில் ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த இயந்திரம் சிலிண்டர் மாதிரி தீர்ந்துபோகாது, அறையில் இருக்கும் காற்றிலிருந்தே நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனைத் தரும். ஒரே சங்கடம், கரண்ட் போனால் நின்றுவிடும். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி கரண்ட் போனது. வைத்திருந்த இன்வெர்ட்டர் விடியற்காலை மூன்று மணிக்கு முனக ஆரம்பித்தது. மைக் செட் வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டோம். கோயில் விசேஷத்துக்குக் கட்டியிருந்த ஜெனரேட்டரை அவிழ்த்து, கொட்டுகிற மழையில் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். கூடவே எதிர்வீட்டு அண்ணன், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு. காலை பத்து மணி வரை அது ஓடியது. டீசல் காசைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. "பெரியவரு எங்கப்பா கடையில கல்லு மாத்தினதுக்குக் காசு வாங்கலையே" என்றார். ஐயாவின் வழி ஊரில் எத்தனை பேருக்குத் தொற்றியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்த சகோதரிகளுக்கு. மாத்திரை கொடுத்துவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் முதுகில் புண் வராமல் எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எத்தனை தலையணை வைத்தால் மூச்சு இலகுவாகும் என்று அம்மாவுக்குக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தீர்கள். கடைசிவரை ஐயாவுக்கு ஒரு புண் வரவில்லை. மாதம் ஒருமுறை வந்து சவரம் செய்துவிட்ட அண்ணனுக்கும், கடனை நோட்டில் எழுதாமலே மருந்து கொடுத்த கடைக்காரருக்கும் நன்றி. (எழுதாததால் கணக்கு தெரியவில்லை, அண்ணே. அப்பா வந்துகொண்டே இருப்பார், சொல்லித்தான் ஆக வேண்டும்.)

மாசியில் ஒரு விடியற்காலை, அப்பத்தா காப்பி கலக்கப் போன நேரத்தில் ஐயா போய்விட்டார்.

கண்தானம் பற்றி நினைவுபடுத்தியது என் அத்தை மகன். 81 வயதுக் கண், கண்புரை அறுவை செய்த கண், யார் எடுத்துக்கொள்வார்கள் என்று தயங்கினோம். வயதும் கண்ணாடியும் கண்புரை அறுவையும் தடையில்லை, ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று கண் வங்கியில் சொன்னார்கள். அவர்கள் வரும்வரை இமையை மூடி ஈரப்பஞ்சு வைத்து, தலையைச் சற்று உயர்த்தி, மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள். கூட்டம் சேர்ந்து வேர்வையில் நனைந்துகொண்டிருக்க, யாரோ போய்ப் போய் ஃபேனைப் போட, அப்பா ஓடி ஓடி அணைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பொறுத்துக்கொண்டவர்களுக்கெல்லாம் தனி நன்றி. வந்த இருவரும் அரை மணி நேரத்துக்குள் வேலையை முடித்தார்கள். முகத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லை.

அப்பத்தா சம்மதித்த விதத்தைச் சொல்ல வேண்டும். "நெறம் பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு. வாங்குறவுகளுக்கு நல்லாத் தெரியும், குடுங்க" என்றார். எடுப்பது கருவிழியின் மேல் இருக்கும் தெளிந்த பகுதியை மட்டும்தான், நிறம் பார்ப்பதற்கு அதற்கும் உள்ளே வேறு இடம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அப்பத்தாவிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டை என்று எங்கெங்கிருந்தோ வந்தீர்கள். பெரிய வீட்டுக்காரர்களும் வந்தார்கள், அவர்கள் வீட்டில் காவல் இருப்பவர்களும் வந்தார்கள். எல்லோரும் சொன்னது ஒன்றே: எங்க வீட்டுத் தரை அவர் கை. வீடுகள் இடிபடும்போது கதவும் தூணும் பிழைத்து, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடைகளுக்காவது போய்ச் சேர்ந்துவிடுகின்றன. தரையைப் பெயர்த்தால் உடைந்துதான் வரும். அதனால், உங்கள் வீட்டில் அவர் போட்ட தரை இருந்தால், ஒரு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள். எத்தனை வீடுகள் என்று அவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை.

சின்ன ஐயாவுக்கு ஒரு வார்த்தை. பதினான்கு வருடம் அண்ணனோடு பேசாமல் இருந்தீர்கள். தவறு யார் பக்கம் என்பதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அது எங்கள் ஐயாவுக்குச் சாதகமாக இல்லை. ஆனாலும் வந்தீர்கள், யாரோடும் பேசாமல் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள், மயானக்கரை வரை ஒரு தோள் கொடுத்தீர்கள். நடு வீட்டில் மூன்றாவது வரிசையில் இருக்கும் சிவப்புக் கல் நீங்கள் முதன்முதலில் போட்டது என்று ஐயா எங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் பேசாதிருந்த காலத்திலும் சொல்லியிருக்கிறார்.

கடைசியாகப் பாத்திரங்கள். கேத வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் இட்லி, புளிச்சோறு, காப்பி, மோர் என்று எங்கள் திண்ணைக்கு வந்துகொண்டே இருந்தது. யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று கவனிக்கும் நிலையில் நாங்கள் இல்லை. இப்போது கழுவிக் கவிழ்த்த 11 பாத்திரங்கள் திண்ணையில் இருக்கின்றன. நான்கில் பெயர் வெட்டியிருப்பதால் கொடுத்தனுப்பிவிடலாம் என்றேன், அப்பத்தா விடவில்லை. வெறும் பாத்திரமாக அனுப்பக்கூடாதாம். உளுந்து ஊறப்போட்டிருக்கிறார். மூடி இல்லாத ஒரு பெரிய தூக்கும், கைப்பிடி ஆடும் ஒரு டிபன் கேரியரும், எட்டு எவர்சில்வர் சட்டிகளும், ஒரு பித்தளைச் சொம்பும். கூடவே ஒரு கறுப்புக் குடை, ஒரு சின்னப் பிள்ளையின் இடது கால் செருப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் வாருங்கள், வெள்ளைப் பணியாரம் சூடாக இருக்கும்.