லாட்வியாவின் கோக்னெசே கோட்டை: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நடந்தவை இரண்டு: ஊர் வரலாற்றுக் குறிப்பைத் திருத்தினோம், மதில் பராமரிப்பு முறையை எழுதிவைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

பழைய குறிப்பில் 'நீர்க்கோட்டை' என்றிருந்ததை நீக்கியாயிற்று. மதிலடியைத் தண்ணீர் தொடுவதைப் பார்ப்பவர்கள் கட்டும்போதே அப்படித்தான் இருந்தது என்று நம்பிவிடுகிறார்கள். தௌகவா, பேர்சே ஆறுகள் கூடும் முனையில், உயர்ந்த கரைமேல் எழுந்த கோட்டை அது. அந்த நிலமுனையின் வடிவமே கோட்டையின் முக்கோண வடிவம். 1960-களில் ப்ளாவினியாஸ் நீர்மின் நிலையத்துக்காகத் தௌகவாவைத் தேக்கிய பிறகுதான் நீர் ஏறியது. அதே ஆற்றங்கரையின் புகழ்பெற்ற ஸ்டபுராக்ஸ் பாறை மூழ்கியதும் அப்போதுதான்.

மற்ற ஆண்டுகள் சுருக்கமாக: 1208-இல் இவ்வூரின் சிற்றரசர் வெட்சேகே தன் மரக்கோட்டைக்குத் தானே தீவைத்து வெளியேறினார். 1209-இல் ரீகா ஆயர் ஆல்பர்ட் கற்கோட்டையைத் தொடங்கினார். 1577-இல் ரஷ்யாவின் இவான் மன்னர், 1656-இல் ரஷ்ய ஜார் அலெக்சேய் கைப்பற்றினர். 1661-இல் ரஷ்யாவும் சுவீடனும் செய்த கார்டிஸ் உடன்படிக்கையில் சுவீடனிடம் திரும்பியது. 1701-இல் பின்வாங்கிய சாக்சனிப் படை வெடிவைத்தது. பிறகு யாரும் எடுத்துக் கட்டவில்லை.

இனி மதில். கல் டோலமைட், சாந்து சுண்ணாம்பு. கூரையில்லாததால் மேல்வரிசை வழியாக மழை இறங்குகிறது. அந்த நீர் உறையும்போது சுமார் 9 விழுக்காடு விரிந்து, புறமுகத்தைப் பாளமாகத் தள்ளிவிடுகிறது. ஆகவே முதல் கவனம் உச்சிக்கு, கண்ணில் படும் அடிச்சுவருக்கு அல்ல.

சிமெண்ட் கூடவே கூடாது. அது ஈரத்தை வெளியே விடாது. ஈரம் கல் வழியே வெளியேற முயன்று கல்லைத்தான் உதிர்க்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு கழுவிய மணல். இடுக்கின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழம் சுரண்டி, நனைத்து, சாந்தை அழுத்திச் செலுத்தி, ஈரச்சாக்கால் மூடவேண்டும். 5 டிகிரிக்குக் கீழே சுண்ணாம்பு சரியாக இறுகாது. உறைபனிக்கு முன் சில வாரமாவது வேண்டும் என்பதால், இலையுதிர்காலம் தொடங்குமுன் வேலையை முடித்துவிடுவதே நல்லது. அவசரப்பட்டுப் பூசியது வசந்தத்தில் மாவாகக் கொட்டும்.

சுவரில் முளைத்த செடியைப் பிடுங்கவேண்டாம், வேரோடு கல்லும் வரும். சுவரையொட்டி வெட்டிப் பட்டுப்போக விடுங்கள்.

இது அரசு பாதுகாக்கும் சின்னம். அனுமதி இல்லாமல் ஒரு கல்லையும் தொடக்கூடாது. நீர்மட்டம் இறங்கும் நாட்களில் அடிவரிசைகளைப் படமெடுத்து ஒப்பிடும் வேலை அடுத்த ஆண்டுக்கு நிற்கிறது.

செயலாளர்