அலுவலக சர்வரில் கெடும் கோப்புகள்: ராம் நினைவகத்தையும் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலக சர்வரில் கோப்புகள் அடிக்கடி கெட்டுப்போனால், நம் குமரி மாவட்டத்தில் உடனே வைரஸ் என்றோ மின்வெட்டு என்றோ முடிவுகட்டி விடுகிறார்கள். இரண்டு பருவமழையும் இடிமின்னலும் உள்ள ஊரில் அந்த ஐயம் இயல்பானதே. ஆனால் சோதிக்காமல் முடிவெடுப்பதால் திரும்பப் பெற முடியாத ஆவணங்கள் அழிகின்றன.

தக்கலைப் பகுதி அலுவலகம் ஒன்றில், திருவிதாங்கூர் காலத்து மலையாளப் பத்திரங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த படங்கள், மேல்பாதி எழுத்துகள் தெளிவாகவும் கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் திறந்ததைக் கண்டேன். ஆன்டிவைரஸையும் ஹார்ட் டிஸ்க்கையும் மாற்றியும் தொல்லை நிற்கவில்லை. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை இரவு முழுவதும் ஓடவிட்ட பிறகே, கணினி வேலை செய்கையில் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ராம் பழுதென்று தெரிந்தது. அந்தப் பத்திரங்களின் மூலத்தாள்கள் தொட்டாலே உதிர்கின்றன. மறுபடி ஸ்கேன் செய்வது எளிதன்று.

சர்வருக்கு வரும் தரவு ராம் வழியாகவே டிஸ்க்குக்குப் போகிறது. ராமில் ஒரு பிட் (தரவின் மிகச்சிறிய அலகான 0 அல்லது 1) புரண்டால், டிஸ்க் அந்தப் பிழையையே சரியென்று பதிந்துகொள்ளும்; ஒரே தரவை இரண்டு டிஸ்க்குகளில் பதியும் ரெய்டு அமைப்பு இருந்தாலும் இரண்டிலும் அதே பிழைதான் இருக்கும். அன்றாட பேக்கப்பைப் பழையதன் மேலேயே எழுதும் அலுவலகங்களில் நல்ல பிரதியும் சத்தமின்றிப் போய்விடுகிறது.

சோதிக்கும் வழி கடினமானதன்று. பெரிய கோப்பு ஒன்றின் ஹாஷ் மதிப்பை (கோப்பில் ஒரு பிட் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்ணை), விண்டோஸிலேயே உள்ள செர்ட்யூட்டில் கட்டளையால் குறித்துக்கொண்டு, கோப்பை சர்வருக்கு நகலெடுத்து, சர்வரை அணைத்து இயக்கிய பின் அந்த நகலின் ஹாஷ் மதிப்போடு ஒப்பிட வேண்டும்; அணைக்காவிட்டால் டிஸ்க்கில் உள்ளதற்குப் பதிலாக ராமில் தங்கிய நகலே படிக்கப்படக்கூடும். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து காட்டும் ஸ்மார்ட் அறிக்கையில், தரவுப் பரிமாற்றப் பிழைகளைக் குறிக்கும் சிஆர்சி பிழை எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளைப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று வீசும் குளச்சல் போன்ற ஊர்களில் இணைப்பு முனைகள் அரித்திருக்கின்றனவா என்றும் பார்ப்பது நல்லது. எக்காரணம் கொண்டும், டிஸ்க்கை முழுமையாக நகலெடுக்கும் முன் டிஸ்க் பிழைகளைத் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க் கட்டளையால் பழுது நீக்க முனையக் கூடாது. ராம் பழுதாக இருக்கையில் அதுவே நல்ல கோப்புகளையும் சிதைத்துவிடக்கூடும்.

கூட்டுறவுச் சங்கங்களும் பள்ளிகளும் பத்திர எழுத்தர் அலுவலகங்களும் இனி சர்வர் வாங்கும்போது, ஒற்றைப் பிட் பிழையைத் தானே திருத்தும் இசிசி ராமும் அதை ஏற்கும் மதர்போர்டும் பிராசசரும் வேண்டும் என்று விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே எழுதுமாறு தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
மார்த்தாண்டம்.