தொழிற்பிரிவுக்கு ஆசிரியரும் ஓடுகிற லேத்தும் வேண்டி மூன்றாவது மனு

அனுப்புநர்:
பன்னிரண்டாம் வகுப்பு தொழிற்பிரிவு மாணவனின் தந்தை,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு கல்வி அதிகாரி அவர்கள்,
மதுரை மாவட்டம்.

பொருள்: எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அடிப்படை இயந்திரவியல் பிரிவுக்கு ஆசிரியர் நியமிக்கவும் ஒர்க்‌ஷாப்பைத் திறக்கவும் வேண்டுதல்.

பார்வை: ஜூன் மாதம் நேரில் கொடுத்த மனு; ஆயுத பூஜைக்கு மறுவாரம் பதிவுத் தபாலில் அனுப்பிய மனு.

ஐயா, வணக்கம்.

முந்தைய இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லாததால் மறுபடி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும். எங்கள் பள்ளி தாங்கள் அறிந்ததுதான். சைக்கிள் வழங்க வந்தபோது மேடைக்குப் பின்னால் பூட்டியிருந்த பச்சைக் கதவு போட்ட நீளக் கட்டடம்தான் ஒர்க்‌ஷாப்.

1. தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இடம் காலி. இயற்பியல் ஆசிரியர் தம் வகுப்பு போக மீதி நேரத்தில் வந்து புத்தகத்தை வாசித்துவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

2. இரும்பைக் கடைகிற இயந்திரமான லேத்தின் மோட்டாரில் காயில் போய்விட்டது. என் கிணற்று மோட்டாருக்குக் காயில் போனால் உசிலம்பட்டியில் இரண்டாம் நாள் கட்டித் தந்துவிடுகிறார்கள். செலவைப் பெற்றோர்களே போட்டுக்கொள்கிறோம் என்றோம். அரசுப் பொருளில் அனுமதி இல்லாமல் கை வைக்கக்கூடாது என்றார்கள். சரி, நியாயம்தான். அந்த அனுமதியைத்தானே ஐயா ஜூன் மாதத்திலிருந்து கேட்கிறோம்! இந்த வருடம் அந்த அறை திறந்தது ஒரே ஒரு நாள், ஆயுத பூஜைக்கு. லேத்துக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சுண்டல் கொடுத்து, மறுபடி பூட்டிவிட்டார்கள். என் மகன் அதைத் தொட்டது அன்றைக்கு மட்டும்தான், அதுவும் துடைப்பதற்கு. நோட்டில் லேத் படம் அழகாக வரைந்திருக்கிறான். ஆனால் கம்பியைப் பிடித்துச் சுழற்றுகிற சக்கில் அதை மாட்டத் தெரியாது. சக்கை இறுக்குகிற சாவியை எடுக்காமல் சுவிட்சைப் போட்டால் அது பறந்து வந்து அடிக்கும் என்று என் அண்ணன் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். அண்ணன் இதே லேத்தில் படித்து, கப்பலூரில் வேலை பார்க்கிறவர்.

3. நுட்பமாக அளவு பார்க்கிற வெர்னியர் மொத்தம் ஒன்று. பீரோவில் இருக்கிறது.

4. தொழிற்பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம் என்று அரசே சொல்கிறது. அங்கே மற்ற பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே ஒர்க்‌ஷாப் பழகியிருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் இவன் படத்தைக் காட்டி நிற்பதா? போன தடவை அலுவலகத்தில் ஒருவர், "முதலிலேயே சயின்ஸ் குரூப்பில் சேர்த்திருக்கலாமே" என்றார். அதற்கு மார்க் இருந்தது ஐயா. அவன் கேட்டு வாங்கிச் சேர்ந்த பிரிவு இது. மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் என்று நினைக்கிறார்களோ என்னவோ, எனக்குப் புரியவில்லை. 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்தபோதே தொழிற்கல்வியும் சேர்ந்து வந்ததுதானே? கணக்குக்கு ஆசிரியர் இல்லை என்றால் இரண்டு வருடம் இப்படி விடுவார்களா? செய்முறைத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள்தான். அன்றைக்கு எதை வைத்து மார்க் போடுவார்கள்? சும்மா போடுவார்கள் என்று பிள்ளைகளே சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்கத்தான் தாங்க முடியவில்லை.

5. நிரந்தர ஆசிரியர் வரத் தாமதமானால், பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் தற்காலிகமாக ஒருவரை வைக்கவாவது உத்தரவிடுங்கள். ஐ.டி.ஐ. படித்து லேத் வேலை பார்த்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

கடுமையாக எழுதியிருந்தால் மன்னிக்கவும். ஆசிரியர் வேண்டும், மோட்டாருக்குக் காயில் கட்ட அனுமதி வேண்டும். இரண்டில் அனுமதியையாவது இந்த வாரமே தாருங்கள் ஐயா. மோட்டாரைக் கழற்றி உசிலம்பட்டிக்குக் கொண்டுபோக என் டிவிஎஸ் எக்ஸ்எல் தயாராக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மற்றும் தொழிற்பிரிவுப் பெற்றோர்கள்

இணைப்பு: மகன் நோட்டில் வரைந்த லேத் படம், ஜெராக்ஸ்.